உறையாத குடுவை

விடியுமுன் மேலப்பாளையம்.
மைதீன் பிச்சை கிடாயைச் சாய்ப்பதற்குள்
என் குடுவையில் சிட்ரேட் ஊற்றியாயிற்று.
"உறையாம இருக்க என்னத்தக்கா கலக்குதீய?"
"எலுமிச்சம்புளிப்போட உப்பு."
"இம்புட்டுதானா?"
இம்புட்டுதான்.

ஆற்றைத் தாண்டி, பேட்டை தாண்டி ஆய்வகம்.
பதினோரு வருசம் திராம்பின்.
அது ஒரு கத்தரி,
நாலே இடத்தில் வெட்டும்.
வெட்டுப்பட்டது நூலாகி, வலையாகி
குழாயைக் கவிழ்த்தாலும் சிந்தாது.

பிறகு நிதி போன பக்கம் நானும் போனேன்:
வைரஸின் நொதி.
அதுவும் கத்தரிதான்.
நீளமாய் வந்த தன் புரதத்தைத்
தானே நறுக்கித் தன்னைச் செய்துகொள்ளும்.
இரண்டுக்கும் தனி நோட்டு, தனி ஃப்ரீசர்.
கரண்ட் போனால் மட்டும்
இரண்டுக்கும் சேர்த்து ஓடுவேன்.

அந்த மே மாதம், ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியிலிருந்து
பிச்சையின் மகள் ரிப்போர்ட்டைப் படமெடுத்து அனுப்பினாள்.
"மேடம், டி-டைமர்னா என்ன?
ரொம்பக் கூடுதலுன்னு சொல்லுதாவ."

இரண்டு நோட்டும்
ஒரே நுரையீரலில்.

உறைந்த வலையின் அறுந்த துணுக்கு
என்று தட்டினேன்.
அழித்தேன்.
எந்த வலை என்று கேட்பாள்.
"சாப்பிட்டியாம்மா" என்று அனுப்பினேன்.

குடுவை இன்னும் அலமாரியில்.
எத்தனை தடவை கழுவியும்
மூடியில் கொஞ்சம் கிடாய் வாடை.