சின்னக் கீறல்

மார்ச் மாதம் என் வேலை
மனிதர்களைக் கூப்பிட்டு
உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்பது.
அப்படி நேராகக் கேட்கக் கூடாதாம்.
'எப்படி இருக்கிறீர்கள்' என்று தொடங்க வேண்டும்.
யார் குரல் பேசுகிறது என்பதிலேயே
பாதி பதில் வந்துவிடும்.

மொந்தேவிதேயோ. மருத்துவமனையின் நான்காம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே
கடல் என்று சொல்லிக்கொள்ளும் பழுப்பு ஆறு.
மேசைமேல் நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்,
சிறுநீர்ப்பையை இங்கே விட்டுவிட்டு
வீட்டுக்குப் போன ஆண்கள்.

பையோடு சேர்த்துப் புரோஸ்டேட்டையும் எடுத்துவிடுவார்கள்.
அதைச் சீவிக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தபோது
முப்பத்தொரு பேருக்கு
அங்கேயும் ஒரு புற்று.
யாரும் தேடாதது,
வாடகை தராமல் பின்கட்டில் குடியிருந்தது.
ஒரே கல்லில் இரண்டு மாங்காய்தான்;
இரண்டாவது காய்த்திருந்தது
எறிந்தவருக்கே தெரியாது.

டாக்டர் இருபார்னேயின் கேள்வி எளியது:
இரண்டு உள்ளவர்கள்
சீக்கிரம் போய்விடுகிறார்களா?

எபேர் ஒலாசாபால், எழுபத்து மூன்று,
நுவேவோ பாரிஸில் தோல் பதனிட்டவர்.
பத்து முறை மணி அடித்து ஓய்ந்தது.
எனக்கு முன்பிருந்தவள் அவர் பெயருக்கு நேரே
'தொடர்பில் இல்லை' என்று எழுதிப் போயிருந்தாள்.
வரைபடத்தில் இறந்தவருக்குக் கோடு ஒரு படி இறங்கும்.
தொடர்பில் இல்லாதவருக்கு
ஒரு சின்னக் கீறல் மட்டும்:
இதுவரை இருந்தார்,
மேற்கொண்டு நமக்குத் தெரியாது.

பதினோராவது முறை
அவரே எடுத்தார்.
ஒரு நாய். வானொலியில் கால்பந்து.
மாத்தே உறிஞ்சும் சத்தம்.

'எதைக் கேட்கிறாய் மகளே, மூத்தவனையா, இளையவனையா?
முதலாவதைச் சொன்னபோது அழவில்லை.
இரண்டாவதைச் சொன்னார்கள் பார்,
தொட்டியில் தோல் போடுகிறவன் மாதிரி குனிந்து நின்று அழுதேன்.
ஒரு வீட்டுக்கு இரண்டு திருடன்களா?
பிறகு டாக்டரம்மா சொன்னாள்,
இளையவன் சோம்பேறி,
அவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே பத்து வருஷம் ஆகியிருக்கும்,
நீ மூத்தவனைக் கவனி.'

மூத்தவன்?

உறிஞ்சல் நின்றது.
'நுரையீரல் பக்கம் எட்டிப் பார்க்கிறானாம். மே மாதம் மறுபடி படம் எடுக்கிறார்கள்.
வயிற்றில் பை ஒட்டுவது நெரெய்தாதான், அவள் கைக்குத்தான் கசியாது.
இல்லை.
இப்போது நானே ஒட்டுகிறேன்.
ஆகஸ்டில் போய்விட்டாள்.
அவளுக்கு ஒரு நோயும் கிடையாது.'

என் அட்டவணையில்
நெரெய்தாவுக்குக் கட்டம் இல்லை.

முன்னவள் எழுதியதைத் திருத்தினேன்.
பிழை என்று எழுதத் தொடங்கி
பிழைத்தார் என்று முடித்தேன்.

மாலையில் டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார்.
ஒரு புற்று உள்ளவர்கள் நீலம், இரண்டு உள்ளவர்கள் சிவப்பு.
இரண்டு கோடும்
ஒரு போர்வைக்குள் படுத்த அண்ணன் தம்பி போல
ஒட்டியே இறங்கின.
வித்தியாசம் இல்லை, என்றார்.
முதல் புற்று எவ்வளவு ஆழம் போயிருந்தது,
அதுதான் கணக்கை முடித்தது.
ஆறு வருட வேலைக்கு இதுதான் விடை.
அவர் முகத்தில் இருந்தது ஏமாற்றமா நிம்மதியா,
நான் கேட்கவில்லை.

எபேரின் கீறலை வலப்பக்கம் நகர்த்தினேன்.
பதின்மூன்று மாதம்.
திரையில் அரை நக அகலம்.
ஒரு ஆகஸ்டு முழுக்க அதற்குள் அடங்கிவிட்டது.

பேச்சை முடிக்கும் முன் அவர் கேட்டதைச் சொல்லவில்லையே.
'அடுத்த மார்ச்சிலும் கூப்பிடுவாயா?'
கூப்பிடுவேன் என்றேன்.
'இதே எண்ணில் கூப்பிடு. இது அவள் போன்.
அவள் கைப்பையிலேயே கிடந்தது, நேற்றுத்தான் திறந்தேன்.
சார்ஜ் போட்டு வைக்கிறேன்.'