பிரேக் லைட்

ஓகஸ்ட் கடைசிச் சனி.
கட்டாயச் சூட்டுப் பயிற்சிக்கு இனித் தவணை இல்லையென்று
விடியவே என்னை எழுப்பிவிட்டாள்.
பின் இருக்கையில் நீளமாய்ப் படுத்திருந்தது துவக்கு,
மேலே அவளுடைய மழைச்சட்டை.
சன்னம் ஒன்றும் இல்லை, அங்கே போனால்தான் தருவார்கள்.
வெடிபூட்டைக் கழற்றிச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்திருந்தாள்.
அம்மா கேட்டால் புட்டு என்று சொல்லுங்கோ என்றாள்.
பெண்பிள்ளைகளுக்கு ராணுவம் கட்டாயமில்லாத நாட்டில்
இவள் விரும்பிப் போய்ச் சேர்ந்ததற்கு
மனைவி இன்னும் என்னோடுதான் கோபம்.

பூர்க்டோர்ஃப் தாண்டி, சுற்றுவட்டத்துக்கு முன்னால்
மஞ்சள் அங்கி ஒன்று கையை நீட்டியது.
நிறுத்தியது நான்தான்.
எஞ்சினை அணைத்ததும் நான்.
அதற்குப் பிறகு என் கைகள்
ஸ்டியரிங்கை விட்டு எழும்பி,
காதளவுக்கு வந்து, விரல் விரிந்து,
கூரைத் துணியில் முட்டி நின்றன.
யாரும் கேட்கவில்லை.
பின்னால் கிடப்பதை அவன் இன்னும் காணவுமில்லை.

என் பக்கக் கண்ணாடியை
நிரோஜாதான் எட்டி அழுத்தி இறக்கினாள்.
பேர்ண் பாஷையில், பாண் வாங்குகிற குரலில்,
"பின்னால் என் ராணுவத் துவக்கு, வெறுமை.
வீனிகனுக்குப் போகிறோம்" என்றாள்.

லுகின்பூல் என்று நெஞ்சில் எழுதியிருந்தது.
இருபத்தைந்து இருக்கும், நாடியில் சவரம் செய்த வெட்டு.
எட்டிப் பார்த்தான்.
மழைச்சட்டையை விலத்தச் சொல்லவில்லை.
தான் போன கிழமை அறுபத்தெட்டுப் புள்ளி எடுத்ததாகச் சொன்னான்.
மத்தியானத்துக்குப் பிறகு அங்கே வெயில் கண்ணில் அடிக்கும்,
வெள்ளனவே சுட்டு முடி என்றான்.
அவள் சிரித்தாள்.

பிறகு குனிந்து என்னைப் பார்த்தான்.
இவருக்கு என்ன?

என்ன சொல்ல.
சைக்கிளை உருட்டிக்கொண்டு சென்றிகளைக் கடந்த நாட்களில்
என்னிடம் ஒன்றும் இருந்ததில்லை.
ஒன்றும் இல்லை என்பதைக் காட்ட
ஒரு பகல் முழுக்க வெயிலில் நின்றிருக்கிறேன்,
பால்போத்தல் திறந்தபடி,
பால் திரைந்துபோகும்வரை.
இதற்கெல்லாம் என்னிடம் ஜெர்மன் இல்லை.
ஆஸ்பத்திரிச் சலவை இயந்திரத்தின் பாகங்கள் தெரியும்,
லீவு கேட்கத் தெரியும்.

"தோள் வலி" என்றேன்.

தோளில் ஒன்றுமில்லையென்று மகளுக்குத் தெரியும்.
"அப்பா, இறக்குங்கோ" என்றாள்,
தமிழில், அவனுக்குக் கேட்காத அளவுக்கு.

இறக்கினேன். இடது முதலில்.
வலது கொஞ்சம் யோசித்தது.

லைசென்ஸை வாங்கி, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து,
அவளுடைய துவக்குக்குக் கொடுத்ததைவிட
அதிக நேரம் அதற்குக் கொடுத்தான்.
எல்லாம் சரி.
வலது பிரேக் லைட் மட்டும் எரியவில்லை,
திங்களுக்குள் மாற்றிவிடுங்கள்.
அவளிடம், "குவெத் ஷுஸ்!"
நல்ல சூடாய் அமையட்டும் என்று அர்த்தம்.
இப்படியும் ஒரு வாழ்த்து இருக்கிறது,
சீருடை போட்ட ஒருவன்
என் பிள்ளைக்குச் சொல்கிறான்.

"துவக்குங்கோ அப்பா" என்றாள்.
எங்கள் பாஷையில் அந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை.
ஒரு கணம்
எதைக் கேட்கிறாள் என்று விளங்கவில்லை.
பிறகு சாவியைத் திருப்பினேன்.

ஐம்பத்தொன்பது புள்ளி. போதுமாம்.
வரும் வழியில் பல்பு, ஒன்பது பிராங்.
இரவு, நிலக்கீழ்த் தரிப்பிடத்தில்
அவள் பின்னால் போய்க் குந்தினாள்.
திருகுகிற சத்தம்.
எழும்பிப் பின்னுக்கு நகர்ந்து "மிதியுங்கோ" என்றாள்.
மிதித்தேன்.
எனக்கு முன்னால் வெறும் சீமெந்துச் சுவர்,
எங்கள் வீட்டு இலக்கம்.
"எரியுதா?"
"விடுங்கோ. திரும்ப மிதியுங்கோ."
பின்கண்ணாடியில் அவள் முகம்.
ஒரு கன்னம்தான் சிவந்தது.
குனிந்து இன்னொரு திருகு.
"இப்ப?"
மிதித்தேன்.
இரண்டும்.