புள்ளிக்கோடு

காசிமேட்டில் ஐஸ் லாரியில் வரும்,
சாக்கு போர்த்திய பாராக.
இறக்குவோம், உடைப்போம், கூடைக்கு இரண்டு முறம்.
அதன்மேல் யாரும் ஆடியதில்லை.
வஞ்சிரம் படுத்திருக்கும், அவ்வளவுதான்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார் குணபூஷணம்.
எண்பத்திரண்டிலோ மூன்றிலோ
ரஷ்யக் கப்பலின் சமையல்காரன் ஒருவன்
இரண்டு சீப்பு வாழைப்பழத்துக்கு
அட்டை கிழிந்த புத்தகம் தந்துவிட்டுப் போனான்.
எழுத்தெல்லாம் முதுகு காட்டி நின்றது.
படங்கள் மட்டும் பேசின:
வட்டம், அம்பு, நேர்கோடு, புள்ளிக்கோடு.
முதல் பக்கத்தில்
உறைந்த களத்தின் ஓரம் நின்று
தொப்பிக்காரர் ஒருவர் கத்துகிறார்.

கத்துவது மட்டும் கோச்சுக்கு உடனே புரிந்தது.

ஏலம் முடிந்த சிமெண்டுத் தரை எங்கள் களம்.
மதியம் இரண்டு மணி. செதில், உருகிய தண்ணீர்.
‘வழுக்குது சார்.’
‘வழுக்கட்டும். அவனுங்களுக்கு மட்டும் வழுக்கலியா?’
இடுப்பில் டயர் கட்டி இழுத்தோம்.
குட்டிக்கரணம் போட்டு எழுந்து பந்தை மறித்தோம்.
ஆளை முதுகில் சுமந்து ஓடினோம்;
பிரிட்டோ எண்பது கிலோ,
எப்போதும் எனக்கே வாய்ப்பான்.

புள்ளிக்கோடு, ஆள் ஓடுகிற வழி என்றார்.
பந்து இல்லாதவன்தான் ஆட்டத்தை ஆடுகிறான் என்றார்.
மாதம் முழுக்க மட்டையில் பந்து படவில்லை.
ஓடினோம்.
பெரம்பூர் பசங்களை நாலு கோலில் சாய்த்த அன்று
அவர்கள் மாஸ்டர் வந்து கேட்டார்,
‘உங்க ஆளுங்க பந்தையே பாக்க மாட்டாங்களா?’

பிறகு ஒருநாள்
மாஸ்கோவில் படித்துவிட்டு
மணலிக் கம்பெனிக்கு வந்த இன்ஜினியர்
டீக்கடை பெஞ்சில் அதைப் புரட்டினார்.
களமே இல்லாத காலத்தில் தொடங்கினவராம் அந்தத் தொப்பிக்காரர்.
கோடையில் வெறுந்தரையில் ஓடவிடுவாராம்.
ஒரு தேசமே அவர் போட்ட கோட்டில் சறுக்கியதாம்.
அப்புறம் தயங்கிச் சொன்னார்:
‘ஆள் நேர்கோடு சார்.
புள்ளிக்கோடு, பந்து.
பந்துகூட இல்ல, ரப்பர் வட்டு.’

கோச் புத்தகத்தைக்
கண்ணுக்குக் கிட்டே பிடித்தார். தள்ளிப் பிடித்தார்.
டீயில் ஏடு கட்டியது.
‘அப்போ இத்தினி வருசமா
நீங்கதான்டா பந்து’ என்றார்.
முதலில் சிரித்தது பிரிட்டோ.

இன்று விடியலில்
லாரிப் பலகையிலிருந்து ஒரு பார் நழுவியது.
யாரோ கத்த வாய் திறப்பதற்குள்,
தேய்ந்த முட்டியோடு,
அது போய்ச் சேரும் இடத்தில்
நான் நின்றிருந்தேன்.