டோக்கியோ வடக்கே இருக்கிறது

உலக உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால்
ஹெல்சிங்கியிலிருந்து நரிதாவுக்கு
ஏழாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர்.
நூல் இன்னும் என் இழுப்பறையில்தான் கிடக்கிறது.
நீளம் மாறவில்லை.

ஒன்பதரை மணி நேரம் என்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன்.
ஒரு சாப்பாடு, ஒரு படம், அரைத்தூக்கம்,
தரை.

பிறகு ஒரு பிப்ரவரியில்
நடுவில் இருந்த நாடு தன் வானத்தைச் சாத்திக்கொண்டது.
காரணம் எல்லோருக்கும் தெரியும்.
எனக்கு வந்தது ஒற்றை வரிச் செய்தி,
காபி ஆறுவதற்குள்.

அன்றிலிருந்து டோக்கியோ வடக்கே இருக்கிறது.
நார்வே, ஸ்வால்பார்ட், துருவம்,
அந்தப் பக்கம் இறங்கி அலாஸ்கா, பெரிங் நீரிணை,
விளக்கே இல்லாத கடல்.
தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே,
அதற்கு இருபது டன் எண்ணெய் கூடுதல் பிடிக்கும்
என்று கணக்குப் போட்டவள் நான்.
பதின்மூன்று மணி நேரம்.

துருவத்தைத் தாண்டும்போது விமானி அறிவிப்பாராம்,
பயணிகள் கைதட்டுவார்களாம்.
எந்தப் பக்கம் திரும்பினாலும் தெற்கு
என்று ஒருவர் மனைவியிடம் சொல்லியிருப்பார்.
அந்த நேரத்தில் என் கண்
இறக்கைக்குள் இருக்கும் எண்ணெயின் குளிர் மேல்:
மைனஸ் முப்பத்தைந்து. முப்பத்தாறு.
உறைய விடக்கூடாது, அவ்வளவுதான்.

நரிதாவில் குரோய்வா என்று ஒருவர்.
பதினோரு வருடமாக
விமானம் தரை தொட்ட நேரத்தை எனக்கு அனுப்புகிறவர்.
முகம் தெரியாது.
குரல் ஒரே ஒரு முறை, புயலன்று.
நேரத்துக்குப் பின்னால் ஒரு சொல் வைப்பார்,
விதிமுறையில் இல்லாத சொல்.
மழை. பிளம் பூத்தது. முதுகு வலி.
கிளம்பிய நேரத்துக்குப் பின்னால் நானும் வைப்பேன்.
பனி. மறுபடி பனி. ஒரு நாள், விவாகரத்து.
அன்றைக்கு அவரிடமிருந்து நேரம் மட்டும் வந்தது,
பின்னால் வெறும் இடைவெளி.
அந்த இடைவெளியை இவ்வளவு நாளில்
நான் யாரிடமும் விளக்கியதில்லை.

முன்பெல்லாம் மூன்றரைக்கு வந்துவிடும் பதில்
இப்போது ஏழு மணிக்கு.
என் ஷிப்ட் ஆறு மணிக்கு முடிந்துவிடுகிறது.
பஸ் லேட் என்கிறேன்.
"பஸ்ஸா, அய்லி? இந்த ஊரிலா?"
என்று கோட்டை மாட்டிக்கொண்டே கேட்டான் சகாரி.
நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கம்ச்சட்காவுக்குக் கீழே
விரல் நகமளவு மஞ்சள் விமானம்
நகர்கிறதா இல்லையா என்று தெரியாத வேகத்தில்.

இன்று சனி. 6.58க்குத் தரை தொட்டது.
வேறு யாரோ அனுப்பியிருந்தார்கள், சொல் இல்லை.
கையெழுத்தே இல்லாத எழுத்துகளில்
அது அவர் இல்லை என்று எப்படித் தெரிந்தது?
விதிமுறையை மீறி, முழு வாக்கியமாகவே கேட்டேன்.
பதில் வர நான்கு நிமிடம்.
அதற்குள் எத்தனை வாசல், எத்தனை ஆஸ்பத்திரி.

"முதுகு வலி. திங்கள் வருவார்."

வீட்டுக்குப் போகாமல்
மறுபடி காற்று வரைபடத்தைத் திறந்தேன்.
பெரிங்குக்கு மேல் திங்களன்று பின்காற்று.
பதினெட்டு நிமிடம் குறையும் போலிருக்கிறது.