அஞ்செட்டிக்கு அப்பால்

அறுத்த கேழ்வரகுத் தாள்
விரிப்பைத் தாண்டி முதுகில் குத்துகிறது.
"வாழைப்பழம் வச்சிருந்தா இப்பவே தின்னுடுங்க"
சொல்லிவிட்டுத்தான்
மாதேவப்பா டார்ச்சோடு பரணில் ஏறினார்.
ஆறு பழம். ஆளுக்கு மூன்று.
தோலை எங்கே போடுவதென்று
சசிரேகாவும் நானும் கிசுகிசுப்பாய்ச் சண்டையிட்டோம்.

இரண்டு மணி இருக்கும்.
சில்வண்டுகள் நின்றன.
மூங்கில் ஒடியவில்லை, பிளிறல் இல்லை,
பெரிய வயிறொன்றுக்குள்
ஏதோ புரளும் சத்தம் மட்டும்
கூடாரத் துணிக்கு அந்தப் பக்கம்.
அவள் கை என் வாயை மூடியிருந்தது.
வாழைப்பழ வாசனை.

விடிந்து பார்த்தால்
கயிறு அப்படியே விறைப்பாக.
ஒரு முளை மட்டும்
முறம் அகலத் தடத்துக்குள்
தலைவரை இறங்கியிருந்தது;
நேற்று கல்லால் அடித்துச் சலித்து
பாதியில் நான் விட்ட முளை.

மாதேவப்பா இறங்கி வந்து கேட்டார்:
"தோலு எங்க?"