வேலை நடந்த இடம்

பின்னேரம் ஆறரைக்கு
அங்கே அலுவலகம் திறக்கும்.
புளியங்குளம் சந்தியிலிருந்து நாலாவது வளவில்
மின்விசிறியைப் போட்டுக்கொண்டு
பிரையன் என்றொருவரின் வரியைத் திறக்கிறேன்.

படுப்பது நியூ ஜேர்சியில்.
சம்பளம் பிலடெல்பியாவிலிருந்து.
நடுவே ஓர் ஆறு, ஒரு பாலம்,
பாலத்துக்கு ஒருபக்கம் மட்டும் காசு.
நகரம் தன் பங்கைச் சம்பளத்திலேயே
அறுத்துக்கொண்டது.
மாநிலம் தன் பங்கைக் கேட்டு நிற்கிறது.
எத்தனை நாள் பாலம் கடந்தீர்கள் என்று எழுதினேன்.
தொண்ணூற்றெட்டு,
மிச்ச நாளெல்லாம் குசினி மேசையில் என்றார்.

குசினி நாட்களின் காசை நகரம் திருப்பித் தரும்.
ஆனால் ஒரு கடிதம் வேணும்:
நிறுவனம் சொல்லி வீட்டிலிருந்தாரா,
தன் வசதிக்கு இருந்தாரா?

இந்தக் கேள்வியை எனக்குத் தெரியும்.
செட்டிக்குளத்தில் கூடார வரிசையில்
ஒரு மஞ்சள் படிவத்தில் வந்தது.
இடம்பெயர்ந்த காரணம்: சுயவிருப்பு, அல்லது வேறு.
வேறு என்பதற்குப் பக்கத்தில் விட்டிருந்த கோடு
என் கட்டைவிரல் நீளம்.

அதற்கும் முந்தி, சமாதான காலம்,
மரியநாயகத்தின் லொறியில் நான் கிளீனர்.
வவுனியாவில் சவர்க்காரமும் பிஸ்கற்றும் ஏற்றி
ஓமந்தையில் இறக்கி
கம்பியால் குத்திப் பார்க்கவிட்டு, ஏற்றி,
இங்கே ஆயப்பகுதிக்கு முன்னால்
திரும்பவும் இறக்குவோம்.
கொழும்பில் வரி கட்டி வந்த பெட்டிகள்தான்.
"அங்கை கட்டினதை இதிலை கழிக்கேலாதோ தம்பி?"
மரியநாயகம் ஒருமுறை கேட்டுவிட்டார்.
மேசையிலிருந்த பொடியன் சிரித்தான்.
கெட்ட சிரிப்பில்லை.
கணக்கில் புலி என்று நாங்களே பகிடி சொல்லும் ஆள்.
பற்றுச்சீட்டை முத்து முத்தாய் எழுதித் தந்தான்.

திரும்பிப் போகையில் அந்தச் சீட்டு
பையில் இருக்கக்கூடாதென்று
யாரும் சொல்லவில்லை.
மரியநாயகம் பயந்தார், அவ்வளவுதான்.
இரண்டு காவலுக்கும் நடுவே
மண்டையோட்டுப் பலகைகள் நட்ட துண்டு ரோட்டில்
லொறியை மெதுவாக்கி
சீட்டைக் கொளுத்தி, அதில் பீடி பற்றவைப்பார்.
அந்தத் துண்டில் மட்டும்
ஒருவரும் எங்களிடம் வரி கேட்டதில்லை.

இப்போது பிரையனுக்கு ஓர் அட்டவணை இருக்கிறது,
வேறிடத்தில் கட்டியதை இங்கே கழிக்க.
மற்றப் பக்கங்களை விறுவிறென்று முடிப்பேன்.
இதை மெல்லத்தான் நிரப்புவேன்.
ஒருதரம் கட்டின காசை
இன்னொருதரம் கேட்கக்கூடாதென்று
எங்கேயோ யாரோ குந்தியிருந்து யோசித்து
கட்டம் கீறியிருக்கிறார்கள்.

என்னுடைய வரி வேறு கதை.
டொலர் வந்த அன்று வவுனியா வங்கியில்
அபிவர்ணா என்ற பிள்ளை கேட்டாள்:
"வேலை எங்கை நடக்குது?"
புளியங்குளத்தில்.
"அது வீடு அண்ணை. வேலை?"
மேசையைச் சொன்னேன். றவுட்டரைச் சொன்னேன்.
அவள் பேனையை மூடி வைத்துவிட்டு
முகாமையாளரிடம் எழும்பிப் போனாள்.

பிரதேச சபையிலிருந்தும் ஒருவர் வந்தார்.
வளவைச் சுற்றிப் பார்த்தார்.
பெயர்ப்பலகை எங்கே என்றார். இல்லை.
பலகை இல்லாவிட்டால் வியாபாரமும் இல்லை,
எழுத ஒன்றுமில்லை என்று
தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.
பிறகு யோசித்தாரோ என்னவோ,
படலையடியில் நின்று ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

விடியப்புறம் மூன்று மணி.
பிரையனின் கடிதம் வந்துவிட்டது.
நகரம் ஆயிரத்துச் சொச்சம் டொலர் திருப்பித் தரும்.
கண்டி வீதியில் லொறிகள்
கியர் மாற்றாமல் வடக்கே போகின்றன.
ஒவ்வொரு சத்தத்துக்கும் என் வலக்கை
மேசைக்கடியில்
சில்லுக்கு வைக்கும் கட்டையைத் தேடுகிறது.

கடைசிக் கட்டம்: தயாரித்தவரின் முகவரி.
அதை நான் தொடத் தேவையில்லை.
மென்பொருள் தானாகவே
ஒஹாயோ என்று போட்டுக்கொள்ளும்.