குனா

நாலாவது வழியை மூடினார்கள்.
பிறகு மூன்றாவதை.
ரியெக்காவுக்கு இறங்கும் மலைச்சாலையில்
டெல்னிட்சே சுங்கச்சாவடியின் கண்ணாடிக் கூண்டில்
நானும் ஒரு ஹீட்டரும்.

பன்னிரண்டு வருடமாக
மனிதர்கள் என்றால் எனக்குக் கைகள்.
முகம் பார்க்க நேரமிருந்ததில்லை.
புகையிலையில் மஞ்சளித்த விரல்,
மோதிரம் போய்த் தடம் மட்டும் மிஞ்சிய விரல்,
மாவு அப்பிய மணிக்கட்டு.
மார்ச் கடைசியில்
நீல ரப்பருக்குள் புகுந்து
எல்லாம் ஒரே கையாகிவிட்டன.

பிறகு கைகளும் வரவில்லை.

முதல் வாரம் முழுக்க
என் காதுக்குள்ளேயே லாரிகள் இரைந்தன.
ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ அவை ஓய்ந்தபோது
தெரிந்தது,
வெயில் ஏறினால் கூரைத் தகரம்
டக் டக்கென்று நெட்டி முறிக்கும் என்று.
பாலத்துக்குக் கீழே தண்ணீர் ஓடுகிறது என்று.
ஓடை!
பன்னிரண்டு வருடம்!

எங்கள் காசுக்குப் பெயர் குனா.
கீரி உடம்பும் அணில் வாலுமாய்
மரமேறும் ஒரு பிராணியின் பெயர்.
முன்பு அதன் தோலைக் கொடுத்து வரி கட்டினார்களாம்.
ஒவ்வொரு குனாவிலும் அது ஓடிக்கொண்டிருக்கும்.
திருப்பினால் ஒன்றில் இராவில் பாடும் குருவி,
இரண்டில் சூரை மீன்,
ஐந்தில் கரடி.
தினமும் எண்ணியிருக்கிறேன்.
எண்ணியது தொகையைத்தான்.

ஏப்ரலில் கல்லா காலியாகக் காலியாக
காசிலிருந்தவை இறங்கி வந்தன.

மூடிய மூன்றாவது வழியில்
விடியலுக்குச் சற்று முன்
தொண்டையில் மஞ்சள் பூசிய குனா.
என் கை தானாகப் பொத்தானுக்குப் போய்
கம்பத்தைத் தூக்கிவிட்டது.
அதற்கு அது தேவையே இல்லை.
நின்று,
வேறு வகுப்பில் தவறி நுழைந்தவளைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்துவிட்டுப் போயிற்று.

கரடியை நான் பார்க்கவில்லை.
குப்பைத்தொட்டி பார்த்திருக்கிறது.

பாலத்தருகே ஏதோ ஒன்று இரவெல்லாம் பாடியது.
இந்த உயரத்துக்கு அந்தக் குருவி வருமா, தெரியாது.
ஒரு குனாக் குருவி என்றே வைத்துக்கொண்டேன்.

சூரை மட்டும் பாக்கி.
கடல் மலைக்கு அந்தப் பக்கம்.
கதையைக் கேட்ட பிளாஜ், மருந்து லாரிக்காரன்,
அடுத்த நடையில் ஒரு டப்பா நீட்டினான், எண்ணெயில் ஊறிய சூரை.
"கணக்கு நேராகட்டும்."

இதையெல்லாம் சொல்கிறேன், ஆனால்
பதினேழாம் தேதி இரவு
சைரன் இல்லாமல் ஓர் ஆம்புலன்ஸ் வந்தது.
ஒதுங்க ஆளில்லாத சாலையில் சைரன் எதற்கு.
உள்ளே என் பகல்முறைத் தோழி நெவென்காவின் அப்பா.
கட்டணம் கிடையாது.
கம்பத்தைத் தூக்கினேன்.
நாலு நாள் கழித்து நெவென்காவின் நாற்காலியில்
வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.
அன்றைக்கும் குருவி பாடியது.
நன்றாகத்தான் பாடியது.
ஜன்னலை இழுத்துச் சாத்தினேன்.

ஜூனில் ஜெர்மன் எண்பலகைகள்,
கூரைமேல் கட்டிய படகுகள்,
வெயிலில் சிவந்த கைகள்.
ஓடை காணாமல் போயிற்று.
போகவில்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

மூன்றாவது வழியைத் திறந்துவிட்டார்கள்.
விடியலுக்கு முன் அதில் யார் வந்தாலும்
பச்சை விளக்கைக் கொஞ்சம் தாமதமாகப் போடுகிறேன்.
ஹாரன் அடிக்கிறார்கள்.
மெஷின் கோளாறு என்கிறேன்.